தங்கமாரி துடைத்த திராட்சைத் தோட்டம்

கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால் மாப்பிள்ளை பெண் பெயரைப் பார்ப்பது மனுஷர் வழக்கம். 'முகூர்த்தம்' என்பதில் புள்ளியும் கொம்பும் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது புரூப் ரீடர் வழக்கம். ஹோட்டல் போர்டில் 'சூடாண பால்' என்று படித்துவிட்டு, காபி இறங்காமல் எழுந்து வந்த அனுபவம் உங்களுக்கு உண்டென்றால் நீங்களும் என் கட்சிதான். பக்கத்தில் உட்காருங்கள்.

நான் விருதுநகர்க்காரி. ஆறு வருஷம் ஒரு மெட்ரிக் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்துவிட்டு, சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் புரூப் பார்க்கப் போனேன். தினசரி காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், நோட்டு அட்டை, இவைதான் அங்கே எங்கள் பிழைப்பு. செல்போனில் கேமரா வந்த புதிதில் எங்கள் முதலாளி அண்ணாச்சிக்கு முதல்முதலாக ஒரு வெளிநாட்டு ஆர்டர் கிடைத்தது. அர்ஜென்டினாவில் மெண்டோசா என்று ஒரு ஒயின் சீமை. பிள்ளைகுட்டிகளோடு முதுகில் பை மாட்டிக்கொண்டு அங்கே சுற்றுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம். இங்கிலீஷில் எழுதியது, நடுநடுவே ஸ்பானிஷ் வார்த்தைகள். எழுதியவர் லூசியா என்கிற அம்மா. அந்த ஊரில் திராட்சை அறுவடைக்குக் கூட்டம் சேருவதற்கு முன்னால் புத்தகம் கடைக்குப் போய்விட வேண்டும் என்று, தூத்துக்குடியில் கப்பல் ஏறும் நாளைக்கூட முன்பே முடிவு செய்துவிட்டார்கள். எங்களுக்கோ அது காலண்டர் சீசன்.

எனக்குத் தெரிந்த ஒயின், சர்ச்சில் திருவிருந்தன்று நாக்கில் படுகிற ஒரு மடக்கு. அதுவும் உலர்திராட்சையைக் காய்ச்சி எடுத்த சாறு. அந்தத் தகுதியோடுதான் வேலையை ஆரம்பித்தேன்.

தலைகீழ்க் கேள்வி

புத்தகத்தின் கடைசிப் பகுதி, பயணிகளுக்குத் தேவையான ஸ்பானிஷ் வாக்கியங்கள். பஸ் எங்கே நிற்கும், பிள்ளைக்கு டிக்கெட் உண்டா, கழிப்பறை எங்கே, இப்படி. பார்த்தால் ஒவ்வொரு கேள்வியின் ஆரம்பத்திலும் ஒரு கேள்விக்குறி தலைகீழாகத் தொங்குகிறது. கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அரைத்தூக்கத்தில் அடித்திருக்கிறான் என்று முடிவுகட்டி, சிவப்புப் பேனாவால் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளினேன். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் சிவப்புப் பேனா பிடித்ததில்லை.

அண்ணாச்சி ரூமில் இருந்த ஒரே இன்டர்நெட் கம்ப்யூட்டர் வழியாகப் பக்கங்கள் போயின. மறுநாள் லூசியாவிடமிருந்து பதில் வந்தது: "உங்கள் கவனத்துக்கு மிகவும் நன்றி. தயவுசெய்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடுங்கள். எங்கள் மொழியில், கேட்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்போம்."

எது பிழை?

சந்தேகம் வந்தால் ஓரத்தில் குறித்து, எழுதியவரிடமே விளக்கம் கேட்பது புரூப் ரீடரின் உரிமை. லூசியா விஷயத்தில் அந்த உரிமையை நான் கொஞ்சம் தாராளமாகவே அனுபவித்தேன். ஒரு பக்கத்தில், இங்கே மழை அநேகமாகப் பெய்யாது, பிள்ளைகளுக்குத் தொப்பி கொண்டுவாருங்கள் என்று இருந்தது. அடுத்த பக்கத்திலேயே கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைத் தோட்டம், நடுவில் மண்பாதை, அதில் குழந்தையைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு சைக்கிளில் போகும் அப்பா. எனக்குக் காரியாபட்டிப் பக்கம் சொந்தக்காரர்கள் உண்டு. மழை இல்லாத மண்ணில் என்ன விளையும் என்று தெரியும். கருவேல முள் விளையும். 'இந்த இரண்டு பக்கங்களில் எது பிழை?' என்று கேட்டு அனுப்பினேன்.

பதில் ஒரு முழுப் பக்கம் வந்தது. மேற்கே பனிமலை. பனி உருகி வரும் தண்ணீரை வாய்க்காலில் இழுத்து, ஒவ்வொரு தோட்டத்துக்கும் முறைவைத்து விடுகிறார்கள். ஊருக்குள்ளும் தெருவுக்குத் தெரு திறந்த வாய்க்கால், அதன் கரையில் மரங்கள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் திருத்தங்கல் தாண்டும்போது, வறண்டு கிடந்த கண்மாயை நான் முதல் தடவையாக உற்றுப் பார்த்தேன். மலை எங்கேயாவது தெரிகிறதா என்றுகூடத் தேடினேன். லூசியா கடிதத்தைப் புத்திமதியோடு முடித்திருந்தார்: "இரண்டும் சரி. எங்கள் மழை மேலேயிருந்து வராது, பக்கவாட்டில் வரும். பிள்ளைகள் மலையை வேடிக்கை பார்த்துக்கொண்டே வாய்க்காலில் விழுந்துவிடுவார்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்."

வாளி

மத்தியானம் நானும் தங்கமாரியும் சேர்ந்து சாப்பிடுவோம். அவள் பிளேட் செக்‌ஷன். ஃபிலிமில் இருக்கிற பக்கம் அலுமினியத் தகட்டில் பதிந்து, அந்தத் தகடுதான் மெஷினுக்குப் போகும். அதைத்தான் பிளேட் என்போம். அன்றன்று நான் படித்த பக்கங்களைச் சோற்றோடு சேர்த்து அவளுக்குத் தமிழில் சொல்வேன். இப்படியாக நாங்கள் இருவரும் ஒரு தயிர்சாத டிபன்பாக்ஸைச் சுற்றி உட்கார்ந்தபடி மெண்டோசாவில் பாதி தூரம் போய்விட்டோம்.

அன்றைக்குப் பாதாள அறை. பெரிய பெரிய மரப்பீப்பாய்கள், இருட்டு, சில்லென்ற காற்று. பெரியவர்களுக்கு ஒயின் ருசிபார்க்கத் தருவார்கள், பிள்ளைகளுக்குத் திராட்சைச் சாறு. ஒவ்வொரு மேசைக்குப் பக்கத்திலும் ஒரு வாளி வைத்திருப்பார்கள் என்றதும் தங்கமாரி சட்டென்று, "மணல் வாளியா டீச்சர்? தீப்பிடிச்சா அணைக்கிறதுக்கா?" என்று கேட்டாள். இல்லை, ருசி பார்த்ததைத் துப்புவதற்கு என்றேன். நானே அதை நம்பாமல் 'துப்புங்கள்' என்பதை 'பருகுங்கள்' என்று திருத்தி அனுப்பி, லூசியாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரே நாளில் நாலைந்து இடங்களுக்குப் போகிறவர்கள் எல்லாவற்றையும் விழுங்கினால் சைக்கிள் வாய்க்காலுக்குள்தான் போகும் என்று எழுதியிருந்தார். தங்கமாரி ஊறுகாயை நக்கிக்கொண்டே சொன்னாள்: "துப்புறதுக்கா டீச்சர் அம்புட்டு தூரம் போறாக?"

சுத்தக்காரி

தங்கமாரி முன்னால் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறையில் இருந்தவள். தரையில் ஒரு பொட்டு மருந்து சிந்தினாலும் உடனே துடைத்து எடுக்க வேண்டும், அதுதான் அங்கே முதல் பாடம். ஒருநாள் அவள் தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரம் பக்கத்து அறை வெடித்துவிட்டது. அதில் இருந்த இரண்டு பேரும் அவளோடு ஒரே பஸ்ஸில் வேலைக்கு வருகிறவர்கள். இனிமேல் மருந்தைக் கையால் தொடமாட்டேன் என்று இருக்கன்குடி மாரியம்மன் சந்நிதியில் சத்தியம் பண்ணிவிட்டு, அச்சகத்தில் வந்து சேர்ந்தாள். துடைக்கிற பழக்கம் மட்டும் கூடவே வந்தது. பிளேட்டில் தூசி விழுந்தால் அது தாளிலும் கறுப்புப் புள்ளியாக விழும். அதை அழிக்கிற திரவம் தொட்ட பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். தங்கமாரி கைபட்ட பிளேட்டில் ஒரு புள்ளி தப்பாது.

வழிகாட்டிப் புத்தகத்தின் முதல் பகுதிகளுக்கெல்லாம் பிளேட் போட்டவர் வேறொருவர். கண்ணாடியை மாற்றச் சொல்லி வீட்டில் ஒரு வருஷமாகச் சண்டை. தூசி என்ன, ஈ உட்கார்ந்தாலும் அவருக்குத் தெரியாது. கடைசிப் பகுதிக்கு வரும்போது அவர் லீவு. ஆகவே ஸ்பானிஷ் வாக்கியங்கள் தங்கமாரி கைக்குப் போயின. மறுநாள் டீக்கு வந்தவள் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தாள். எந்த வேலை என்று நான் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவள் பெருமையாகத்தான் சொன்னாள்: "ஃபிலிம்ல எம்புட்டு தூசிங்கிறீக டீச்சர்! எழுத்துக்கு எழுத்து தலைக்கு மேலயே வந்து உக்காந்திருக்கு. நாள் பூரா குனிஞ்சு ஒண்ணு விடாம துடைச்சிட்டேன்."

மூட்டையோடு வந்தவர்கள்

கடைசிப் பகுதி அச்சாகி, தாள்கள் மடிப்பதற்காகக் காத்திருந்தன. அந்த வாரத்தில் லூசியாவே நேரில் வந்துவிட்டார். குடும்பத்தோடு இந்தியா சுற்றுகிறார்களாம், புத்தகம் பிறக்கிற இடத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மதுரையிலிருந்து பஸ் பிடித்திருக்கிறார்கள். லூசியா, அவர் புருஷன், பதினொரு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பெண்கள். நாலு பேர் முதுகிலும் பை. சின்னவள் முதுகில்கூட அவள் உயரத்துக்கு ஏற்ற ஒரு குட்டிப் பை.

அண்ணாச்சி வாசலுக்கே ஓடி, பைகளை வாங்கிக் கீழே வைக்கச் சொன்னார். கலர் சோடா வந்தது, சாத்தூர் காராச்சேவு வந்தது. சின்னவள் காரம் தாங்காமல் கண்ணீர்விட்டாள், ஆனால் தட்டை மட்டும் விடவில்லை. நான் லூசியாவை விழுங்கிவிடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்காலையும் பனிமலையையும் பற்றிக் கேட்க என்னிடம் நூறு கேள்விகள் இருந்தன. தங்கமாரிக்கு இருந்தது ஒன்றுதான். என் காதோடு கேட்டாள்: "பச்சப்புள்ளைகளக் கூட்டிக்கிட்டு மூட்டையும் முடிச்சுமா ஊர் ஊரா அலையுறாகளே டீச்சர், வீட்டுல ஏதும் சண்டையா?"

ஐந்து

அண்ணாச்சி மெஷின் ஹாலுக்கு அழைத்துப்போய், அடுக்கியிருந்த தாளில் ஒன்றை உருவிப் பெரிய பெண்ணின் கையில் கொடுத்தார். அவள் உரக்கப் படித்தாள். இரண்டாவது வரியில் நிறுத்தினாள். மறுபடி படித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து, மூச்சுத் திணறச் சிரித்தாள். அவள் அப்பா எட்டிப் பார்த்தார், அவருக்கும் சிரிப்பு முட்டியது. லூசியா மட்டும் சிரிக்கவில்லை. முகம் சிவந்துபோய் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

விஷயம் இதுதான். ஸ்பானிஷில் 'என்' என்கிற எழுத்தின் தலைமேல் நெளிநெளியாக ஒரு சின்னக் கோடு வரும். கோடு இருந்தால் அது வேறு எழுத்து. 'வின்யா' என்றால் திராட்சைத் தோட்டம். கோட்டை எடுத்தால் வெறும் 'வினா'. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. 'ஆன்யோ' என்றால் வருஷம், வயசு. பிள்ளைக்கு என்ன வயசு என்று டிக்கெட் கவுண்டரில் கேட்பார்கள் அல்லவா, அதற்குப் பதிலாகச் சொல்லவேண்டிய வாக்கியம் அது. கோடு போனால் 'ஆனோ'. அதற்கு என்ன அர்த்தம் என்று லூசியா டாக்டர் மாதிரி நிதானமாகச் சொன்னார்: "இந்தத் தாளின்படி என் சின்ன மகளுக்கு ஐந்து ஆசனவாய்கள்."

ஒரு நிமிஷம்

அண்ணாச்சி சிரிக்கவில்லை. மறுபடி அடிக்க, இந்தப் புத்தகத்துக்கென்றே வாங்கிய வெளிநாட்டுத் தாள் கையிருப்பில் இல்லை, வரவழைக்க நாளும் இல்லை. முதல் வெளிநாட்டு ஆர்டர், எழுதியவரே பிள்ளைகுட்டியோடு எதிரில் நிற்கிறார். பிளேட் போட்டது யார் என்று கேட்டார். தங்கமாரி முன்னால் வந்தாள். "ஐ மேலயும் ஜே மேலயும் மட்டும்தான் புள்ளி வரும்னு எட்டாங்கிளாஸ்ல படிச்சிருக்கேன் அண்ணாச்சி. அத மட்டும் தொடல" என்றாள். அண்ணாச்சி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இந்த வேலை உனக்கு ஒத்துவராதும்மா. அச்சங்குளத்துல எங்க மச்சான் பட்டாசுக் கம்பெனி இருக்கு. சொல்லிவிடுறேன், நாளையில இருந்து அங்கன போயிரு" என்று, நல்லது செய்கிற குரலிலேயே சொன்னார். தங்கமாரி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள்.

மெஷின் ஓடும் முன்பு முதல் தாள் என்னிடம்தான் வரும். நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மற்ற தாள்கள் ஓடும். அந்தத் தாளும் வந்தது. மூன்று தடவை படித்த பக்கம்தானே என்று பக்க எண்ணையும் படங்களையும் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்தக் கோடுகளைப் பற்றிக் கட்டிடத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். இதெல்லாம் தெரிந்தும் ஒரு நிமிஷம் நான் வாயைத் திறக்கவில்லை. 'டீச்சர் கண்ணில் பிழை தப்பாது' என்கிற பெயரைக் காப்பாற்றிக்கொண்டு நின்றேன். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகு கையெழுத்துப் போட்ட தாளை நானே எடுத்துவந்து நீட்டினேன். "தப்பு என்னோடது அண்ணாச்சி. அவளை அனுப்புறதா இருந்தா முதல்ல என்னை அனுப்புங்க" என்றேன். "டீச்சர் சும்மா சொல்றாக, நான்தான் துடைச்சேன்" என்றாள் தங்கமாரி. அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார்: "ரெண்டு பேரும் நான்தான் நான்தான்னு நின்னா, நான் யாரத்தான் அனுப்புறது?"

தூசி மட்டும்

லூசியாவுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் நடப்பது புரிந்துவிட்டது. ஒரு பிழைத்திருத்தச் சீட்டு அடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிடலாம் என்றார். அண்ணாச்சிக்கு அது கௌரவக் குறைச்சல். தங்கமாரி மெதுவாகக் கேட்டாள், "ஃபிலிம் அப்பிடியேதான இருக்கு. புதுசா ஒரு பிளேட் போட்டு, எழுத்தப் பூரா துடைச்சிட்டு, தூசிய மட்டும் விட்டுட்டா? அச்சான தாளையே இன்னொருக்கா மெஷின்ல விட்டா தூசி போய் அதது தலைமேல உக்காந்துக்கிறாதா?" மெஷின்மேன் அவளையே பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, உட்காரும் என்றான்.

அப்போதே அவள் பிரஷ்ஷோடு குனிந்துவிட்டாள். நான் பக்கத்தில் புரூப்பை வைத்துக்கொண்டு, இது இருக்கட்டும், இது போகட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எழுத்தை அழித்து ஒரு புரூப் ரீடர் சந்தோஷப்பட்டது உலகத்தில் அன்றைக்குத்தான் இருக்கும். சாயங்காலம் பிளேட் மெஷின் ஏறியது. சோதனைக்காக முதலில் வெறும் தாள் ஒன்றை விட்டார்கள். பெரிய வெள்ளைத் தாளில் அங்கங்கே நெளிகோடுகளும், மற்ற எழுத்துகள்மேல் வருகிற சாய்கோடுகளும், வேறொன்றும் இல்லை. அடுத்து அச்சான தாளை விட்டபோது கோடுகள் ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளி விழுந்தன. மெஷின்மேன் திருகி, தட்டி, மறுபடி விட்டான். ஐந்தாவது தாளிலோ ஆறாவது தாளிலோ எல்லாம் அதனதன் எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்தன. சின்னவளுக்கு மறுபடி ஐந்து வயசு ஆயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது, புரூப் பார்க்கிற லென்ஸைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

லூசியா அந்த வெறும் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பெரிய மகளைக் கூப்பிட்டு அதை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, எங்களுக்கும் புரியவேண்டும் என்று இங்கிலீஷிலேயே சொன்னார்: "நீ பள்ளிக்கூடத்தில் எழுதாமல் விடுகிறதெல்லாம் இதோ, மொத்தமாக ஒரே தாளில் இருக்கிறது."

தீர்ப்பு

நாலாம் நாள் லோடு தூத்துக்குடிக்குக் கிளம்பியது. அதுவரைக்கும் அச்சங்குளம் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தங்கமாரி மட்டும் தினமும் காலையில் தன் டப்பா, பிரஷ், பழைய துணி எல்லாவற்றையும் பையிலிருந்து எடுத்து வைப்பாள், போகும்போது மிச்சமில்லாமல் பையில் போட்டுக்கொள்வாள். நாளைக்கு வருவோமா என்று தெரியாதவள் வைத்துவிட்டுப் போவாளா? லாரி தெருமுனை திரும்பியதும் அண்ணாச்சி உள்ளே வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் மேசைமேல் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மச்சானுக்குப் போன் போட்டுட்டேன். அனுப்புறதுக்கு இங்கன ஆள் இல்லன்னு சொல்லிட்டேன்."

தங்கமாரி பிரஷ்ஷையும் டப்பாவையும் பையிலிருந்து எடுத்து ஜன்னல்மேல் வைத்தாள். அப்புறம் ஒரு தினசரி காலண்டர் ஃபிலிமைத் தூக்கிக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்து, மூலையில் இருந்த ஒரு கறுப்பு வட்டத்தைக் காட்டினாள். அது அமாவாசைக்குப் போடுகிற குறி. அவள் முகத்தில் சிரிப்பே இல்லை: "டீச்சர், இது தூசியா, எழுத்தா? சொல்லுங்க, சொன்னாத்தான் தொடுவேன்."

அன்றிலிருந்து எது தூசி, எது எழுத்து என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை தீர்ப்புச் சொல்வதும் என் வேலையோடு சேர்ந்துவிட்டது. அதில் எத்தனை தீர்ப்பு தப்பாகப் போயிற்று என்பதை உங்கள் வீட்டுக் காலண்டரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், என் வாயைக் கிளறாதீர்கள்.